கிருஷ்ணா ரெட்டி காட்சிப் பலகைகள்: விஸ்காசிட்டி பிரிண்டிங் தமிழில் எப்படி?

மடல் 1, புதுச்சேரி

குழுவினருக்கு வணக்கம்.

அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டியின் நூற்றாண்டை ஒட்டி நாங்கள் சிலர் சேர்ந்து இங்கே ஒரு பலகைக் காட்சி வைக்கிறோம். சித்தூர் மாவட்டம் நந்தனூரில் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர். சென்னைக் கலாக்ஷேத்திராவில் கற்பித்தவர். பாரிசில் பல்லாண்டு வாழ்ந்து, பிறகு நியூயார்க்கில் குடியேறி 2018இல் மறைந்தவர். வாழ்க்கைக் குறிப்பு முடிந்துவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2016–17இல் ஹேட்டர், ரெட்டி, ஜரீனா என்ற அச்சுக் கலைஞர் மூவரையும் இணைத்து நடத்திய காட்சிக்கும் தனிப் பலகை உண்டு. இடறுவது ஒரு சொல்தான்: விஸ்காசிட்டி பிரிண்டிங். மைகளின் இளக்கத்தை வேறுபடுத்தி ஒரே தகட்டில் பல நிறம் அச்சிடும் முறை அது. அப்படியே தமிழெழுத்தில் போட மனம் வரவில்லை.

மடல் 2, கடலூர்

விஸ்காசிட்டிக்குப் பாடநூலில் பாகுநிலை என்ற சொல் இருக்கும்போது ‘பாகுநிலை அச்சு’ என்று எழுதத் தயங்குவானேன்? அது பிடிக்கவில்லை என்றால் ரெட்டி 1988இல் எழுதிய நூலின் தலைப்பைப் பாருங்கள். ‘எல்லா வண்ணமும் ஒரே நேரத்தில்’ என்பதைத்தான் அவர் முன்னே வைக்கிறார். ‘உடன்வண்ண அச்சு’ என்றும் சொல்லலாம்.

மடல் 3, புதுச்சேரி

கடலூர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் இயற்பியல் கற்பித்தவர். நான் அச்சு பிரஸ்ஸின் சக்கரத்தைச் சுற்றுகிறவன். இந்தச் சொல்லை அன்றாடம் புழங்கப்போவது எங்கள் கூட்டம் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

துத்தநாகத் தகட்டையோ செம்புத் தகட்டையோ அமிலத்தில் அரித்தும் கருவிகளால் குடைந்தும் மேடு, நடுமட்டம், பள்ளம் என்று ஆழம் பிரிப்பார்கள். ரெட்டி பாரிசில் ஜாட்கினிடம் சிற்பம் பயின்றவர். தகட்டையும் புடைப்புச் சிற்பமாகவே கையாண்டார். முதலில் பள்ளத்தில் ஒரு மையை அடைத்து மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் தாராளமாக விட்டு இளக்கிய மையைக் கெட்டி ரோலரில் எடுத்து உருட்டினால் அது மேட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். மூன்றாவது மையில் எண்ணெய் குறைவு, ரோலரும் மெத்தென்று இருக்கும். அழுத்தி உருட்டினால் நடுமட்டம் வரை இறங்கும். மேட்டின் மீதும் அது ஏறித்தான் போகிறது. ஆனால் அங்கே முன்பே படிந்திருக்கும் இளகிய மை, கெட்டி மையை ஒட்டவிடாது. வித்தை முழுவதும் இந்த மறுப்பில்தான். ஈரப்படுத்திய தாளைப் போட்டு ஒரே ஒரு தடவை பிரஸ்ஸில் விட்டால் மூன்று நிறமும் சேர்ந்து விழும். நிறத்துக்கு ஒரு தகடு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இம்மி பிசகாமல் பொருத்தும் பாடு மிச்சம்.

‘உடன்வண்ண அச்சு’ கூடாது. ஒரே தகட்டில் இடத்துக்கு ஒரு நிறமாகத் துணிப்பந்தால் ஒற்றி, ஒரே தடவையில் அடிக்கும் முறை ஐரோப்பாவில் வெகு காலமாக உண்டு. அதற்கும் இந்தப் பெயர் பொருந்திவிடும் என்றால் பெயர் எதற்கு?

‘பாகுநிலை’யில் பிழையில்லை. ஆனால் மை கலக்கும் மாணவனிடம் “பாகுநிலை சரியா?” என்று எவரும் கேட்டதில்லை, “பதம் வந்ததா?” என்றுதான் கேட்கிறோம். மையைக் கத்தி நுனியில் எடுத்துச் சாய்ப்போம். தடையில்லாமல் ஒழுகினால் கெட்டி ரோலருக்கு. தொங்கிக்கொண்டு விழ மறுத்தால் மெத்து ரோலருக்கு. சித்திரை மாதத்தில் காலையில் கலந்து வைத்தது நண்பகலில் இளகிப் பதம் தப்பிவிடும். மறுபடி மை சேர்த்துக் கெட்டியாக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற அதே கண், அதே சொல். ஆகவே என் பரிந்துரை ‘மைப்பத அச்சு’.

‘பதமை அச்சு’ என்று சுருக்கச் சொல்லித் தோழி ஒருவர் தனிமடல் அனுப்பியிருந்தார். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதியில் பதமைக்கு மென்மை என்ற பொருள் ஏற்கெனவே குடியிருக்கிறது. படிப்பவர் மெல்லிய அச்சு என்று எடுத்துக்கொள்வார்.

மடல் 4, கடலூர்

பாதி ஏற்கிறேன். பதம் மையைச் சொல்கிறது; தகட்டின் ஆழத்தையும் ரோலரின் கெட்டித்தன்மையையும் சொல்லவில்லையே? தவிர, பாகுநிலைக்கு அலகு உண்டு, பதத்துக்குக் கிடையாது. பள்ளியில் பாகுநிலை என்று படித்த பிள்ளை பலகையில் பதம் என்று பார்த்தால் இரண்டையும் எப்படி இணைக்கும்?

மடல் 5, புதுச்சேரி

ஐயா, மூன்றையும் சுமக்கிற பெயர் ஆங்கிலத்திலும் இல்லை. அவர்களும் மையின் குணத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளுக்காக, விளக்கத்தின் முதல் வரியிலேயே ‘மையின் பாகுநிலையை, அதாவது பதத்தை, வேறுபடுத்தி’ என்று கோத்துவிடலாம். அலகு கேட்டால் கடலூருக்கு அனுப்பிவைக்கிறோம்.

பலகை எழுதுகிறவர்களுக்கு: ‘இம்முறையைக் கண்டுபிடித்தவர் ரெட்டி’ என்று முடித்துவிடாதீர்கள். ஹேட்டரின் பட்டறையில் கைகோ மோத்தி என்ற கலைஞருக்கும் இதில் பங்கு உண்டு. ‘சேர்ந்து வளர்த்தவர்’ என்பதே நியாயம். ஜரீனா பலகையில் மைப்பதம் வேண்டாம். 1999இல் உருதுச் சொற்களோடு அவர் செய்த 36 அச்சுகளும் மரச்செதுக்கு. ஹேட்டர் பட்டறையின் பெயரை வரைவில் ‘அட்டெலியர் 17’ என்று கண்டேன். வேறு ஊரில் மன்னிப்பார்கள். பிரெஞ்சு படித்த பாட்டிகள் இன்னும் நடமாடும் ஊர் இது. ‘அத்தெலியே 17’ என்று திருத்துங்கள்.

ரெட்டியின் படம் ஒன்றுக்கான குறிப்பு, மாதிரிக்கு:

ஆர்ப்பாட்டக்காரர்கள், 1968. உட்குழி அச்சு, மைப்பத முறை. பாரிஸ் மாணவர் கிளர்ச்சியின் தாக்கத்தில் உருவானது.

வேறு மறுப்பு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்துவிடலாம்.