டெபியனில் ‘-எக்ஸ்’ பாதுகாப்பானதாம்! யார் சொன்னது?

பழைய முனையம்:
தொலைக் கணினியில் ஓடும் நிரலின் சாளரத்தை எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் நுழையும் கருவி) வழியாகத் தன் திரையில் காண்பது எப்படி என்று கேட்ட புதியவருக்கு நேற்று ஒருவர் வழங்கிய அருள்வாக்கு: “எஸ்எஸ்எச்-இல் -எக்ஸ் போடுங்கள், கட்டுப்பாட்டோடு ஓடும், -ஒய்தான் ஆபத்து.” கேட்டவர் வைத்திருப்பது டெபியன் லினக்ஸ். அங்கே -எக்ஸும் -ஒய்யும் ஒன்றுதான் ஐயா. தொலை நிரலைக் கட்டுப்பாடின்றி நம்பலாமா என்று தீர்மானிக்கும் ‘ஃபார்வர்ட்எக்ஸ்11டிரஸ்டட்’ அமைப்பு இயல்பாகவே ‘ஆம்’. மறுமுனைக் கணினியின் நிர்வாகி நினைத்தால் உங்கள் விசைத்தட்டல்களை ஒட்டுக்கேட்கலாம்.

கருவேலம்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லவே கூசுகிறதா? நாம் ஓட்டும் எஸ்எஸ்எச் நிரலான ஓபன்எஸ்எஸ்எச்சை எழுதியவர்கள் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்கள். அவர்கள் ஆவணத்தில் இயல்புநிலை ‘இல்லை’. -எக்ஸுக்குக் கிடைக்கும் அனுமதிகூட 20 நிமிடத்தில் காலாவதியாகும். எழுதியவரை விட்டுவிட்டு, அதை டெபியனுக்காகப் பொட்டலம் கட்டியவரையா கேட்பது?

பழைய முனையம்:
உங்கள் கணினியில் ஓடுவது பொட்டலம் கட்டியவர் கொடுத்ததுதானே? வலையில் இருக்கும் கையேட்டை மூடிவிட்டு உங்கள் முனையத்தில் ‘மேன் எஸ்எஸ்எச்’ என்று தட்டுங்கள். ‘டெபியனுக்கே உரியது’ என்று குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள்: கட்டுப்பாட்டோடு ஓடவிட்டால் ஏகப்பட்ட நிரல்கள் முறிந்து விழுகின்றன, அதனால் கட்டுப்பாடு இல்லை.

கருவேலம்:
அப்படியானால் தவறு டெபியனுடையது. நான் சொன்னது சரி.

இரவுக்காவல்:
உங்கள் எஸ்எஸ்எச் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ‘ஃபார்வர்ட்எக்ஸ்11டிரஸ்டட் நோ’ என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

செந்தொப்பி:
இதற்காகத்தான் நான் ஃபெடோரா லினக்ஸ். மூலநிரலில் கைவைக்கும் வியாதி டெபியனுக்குப் பழையது. 2006இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் இரண்டு வரிகளை நீக்கினார்கள்; 2008 மே மாதம் வரை டெபியனில் உருவான ஒவ்வொரு வகை மறைச்சாவியும் 32,768 வாய்ப்புகளுக்குள் அடங்கிக் கிடந்தது.

பழைய முனையம்:
வந்துவிட்டார். நீக்கியவர் ஓபன்எஸ்எஸ்எல் குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் நீக்கினார். அதிருக்கட்டும், உங்கள் ஃபெடோராவில் ‘50-ரெட்ஹேட்.கான்ஃப்’ கோப்பைத் திறந்து பாருங்கள். அதே ‘டிரஸ்டட் எஸ்’ (ஆம்). காரணமும் ஏறக்குறைய அதேதான்.

செந்தொப்பி:
எங்கள் ஆட்கள் கோப்பில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களைப் போல நிரலுக்குள் ஒளிக்கவில்லை.

பழைய முனையம்:
கையேட்டில் அச்சடித்ததற்குப் பெயர் ஒளிப்பதா?

கருவேலம்:
2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் ஒளித்த பின்கதவு எப்படி எஸ்எஸ்எச்சின் சேவையக நிரலான எஸ்எஸ்எச்டி-க்குள் வந்தது? மூல ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் அந்த நூலகத்துக்கும் தொடர்பே கிடையாது. கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி-க்காக நீங்கள் போட்ட ஒட்டு (பேட்ச்) வழியாகத்தான் வந்தது.

பழைய முனையம்:
டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு அது வரவே இல்லை. சோதனைக் கிளைகளோடு நின்றது. ஃபெடோராவின் சோதனைக் கிளைக்கும் வந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அப்புறம் தம்பி, மறந்திருக்க மாட்டீர்கள்: டெபியனில் அப்பாச்சி இணையச் சேவையகத்தை நிறுவிவிட்டு, அதன் அமைப்புக் கோப்பான ‘எச்டிடிபிடி.கான்ஃப்’ காணவில்லை என்று இரண்டு நாள் புலம்பியது யார்? கோப்பு ‘அப்பாச்சி2.கான்ஃப்’ என்று அன்றைக்கும் நான்தான் சொன்னேன்.

கருவேலம்:
அன்றைக்கும் மூல ஆவணம் சரியாகத்தான் இருந்தது. பெயரை மாற்றியது உங்கள் ஆட்கள்.

இரவுக்காவல்:
கேள்வி கேட்டவர், திரை அனுமதிச் சாவிகளைக் கையாளும் ‘எக்ஸ்ஆத்’ கருவியை நிறுவியிருக்கிறாரா என்று யாராவது கேட்டீர்களா?

பழைய முனையம்:
அதைப் பிறகு பார்க்கலாம். -எக்ஸ் கட்டுப்பாட்டோடு ஓடும் என்று எழுதியதை முதலில் அவர் திருத்தட்டும்.

கருவேலம்:
திருத்த மாட்டேன். ஆவணத்தில் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது.

பழைய முனையம்:
எந்த ஆவணத்தில்?