ரோட்டவேட்டர் போட்டா மட்டும் இன்ஜின் சூடாகுது: 3 சிலிண்டர் சின்ன டிராக்டர், உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். 24 எச்.பி., 3 சிலிண்டர், ரேடியேட்டர் வச்ச டீசல் டிராக்டர். செகண்ட் ஹேண்டா வாங்கினது. நிறுத்தி ஓட விட்டாலும், ரோட்டுல காலி டிரெய்லர் இழுத்தாலும் டெம்பரேச்சர் மீட்டர் முள் நடுவுலயே நிக்குது. ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறிப் பொடியாக்குற கருவி) இறக்கி, அதைச் சுத்த வைக்கிற பி.டி.ஓ. ஷாஃப்டைப் போட்டு உழ ஆரம்பிச்சா அரை மணி நேரத்துக்குள்ள முள் ஏறி சிவப்பைத் தொடப் போகுது. பி.டி.ஓ.வை நிறுத்தி ஐடிலிங்ல விட்டா மெதுவா இறங்கிடுது.

தெர்மோஸ்டாட் (சூடு ஏறினா ரேடியேட்டருக்குத் தண்ணி வழியைத் திறக்கிற வால்வு) மாத்தியாச்சு, ஃபேன் பெல்ட் புதுசு, கூலன்ட்டும் புதுசு. ஒரு மாற்றமும் இல்லை. இன்ஜின் ஆயில் லெவல் சரியா இருக்கு, தண்ணி கலந்து பால் மாதிரி கலங்கல. பார்த்த மெக்கானிக் ஹெட்டை இறக்கிப் பார்க்கணும்னு சொல்றார். அது பெரிய வேலை. அதுக்கு முன்னாடி நானே பார்க்கக் கூடியது ஏதாவது இருக்கா? விதைப்பு நெருங்குது, அதான் கவலை.

வாடகை உழவு ஓட்டுபவர்:
முதல்ல முன்னாடி வலையையும் ரேடியேட்டர் வெளிப்பக்கத்தையும் பாருங்க. ரோட்டவேட்டர் ஓட்டறப்ப கிளம்புற புழுதியும் சருகுத் தூளும் அங்கதான் போய் அடையும். வலை சுத்தமாத் தெரிஞ்சாலும் ஏமாறாதீங்க. வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மெத்தை மாதிரி அடைஞ்சிருக்கும். பின்பக்கம் ஒரு டார்ச் அடிச்சு முன்னாடி நின்னு பார்த்தா, வெளிச்சம் எங்க வரலையோ அங்க அடைப்பு.

ஏர் அடிக்கறதா இருந்தா ஃபேன் பக்கத்துல இருந்து முன்பக்கமா அடிங்க. முன்னாடி இருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ளதான் போகும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்துல வச்சு அடிச்சா ரேடியேட்டரோட மெல்லிசான ஃபின் தகடு எல்லாம் மடங்கிடும், அப்புறம் காத்தே போகாது. ஆயில் கசிவு இருந்து அதுல புழுதி ஒட்டியிருந்தா வெறும் காத்துக்குப் போகாது, சோப்புத் தண்ணி தெளிச்சு ஊற விடணும்.

இன்னொருவர்:
தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு ஓட்டுங்க அண்ணா. தண்ணி தடையில்லாம ஓடும். எங்க பக்கம் பழைய வண்டிக்கெல்லாம் அப்படித்தான் பண்றாங்க.

டீசல் மெக்கானிக்:
தெர்மோஸ்டாட்டைக் கழட்டாதீங்க. டீசல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரலேன்னா டீசல் முழுசா எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் உள்ள இருக்கிற லைனர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலக்கும், ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேயும். இன்னொண்ணு, பைபாஸ் வழி இருக்கிற இன்ஜின்ல தெர்மோஸ்டாட் இல்லேன்னா பாதித் தண்ணி ரேடியேட்டருக்கே போகாம பம்ப்புக்கே திரும்பிடும். லோடு போட்டா முன்னைவிட அதிகமா சூடாகும். புதுசு போட்டதுல சந்தேகம் இருந்தா கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சுக் காய்ச்சிப் பாருங்க. அதுமேல அடிச்சிருக்கிற டிகிரியில வாய் திறக்க ஆரம்பிக்கணும். இந்த சைஸ் வண்டிக்குப் பெரும்பாலும் 71ல இருந்து 82க்குள்ள இருக்கும்.

கேட்டவருக்கு: ஹெட்டைத் தொட வேண்டாம், இப்போதைக்கு. வண்டி எப்ப சூடாகுதுங்கறதுலயே பாதி விடை இருக்கு. ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே முள் ஏறினா ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கெட், ஏர் லாக் (உள்ள காத்து மாட்டிக்கிறது), திறக்காத தெர்மோஸ்டாட்னு சந்தேகப்படலாம். சும்மா நிக்கறப்ப சூடாகி, ஓடறப்ப இறங்கினா ஃபேன் பக்கம் பார்க்கணும். உங்களுக்கு ரெண்டும் இல்லை. முழு லோடு தொடர்ந்து இருந்தாத்தான் ஏறுது. அப்படின்னா கூலிங் வேலை செய்யுது, ஆனா முழு அளவுக்குப் பத்தல. ரோட்டுல காலி டிரெய்லர் இழுக்க இன்ஜின் கொஞ்சம்தான் உழைக்குது. ரோட்டவேட்டர்ல ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து முழு உழைப்பு, வண்டியோ நகர்றதே தெரியாத வேகம்.

எனக்கு இதெல்லாம் தெரியணும்:
ஆறின வண்டியில, காலையில, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. குமிழி விடாம வந்துகிட்டே இருக்கா? அப்புறம் நிறுத்தி மூடியைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணி, தண்ணி இன்னும் சில்லுனு இருக்கறப்பவே இன்ஜின்ல இருந்து ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸை அமுக்குங்க. கல்லு மாதிரி விறைச்சிருக்கா? ரெண்டும் இல்லேன்னா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம் வெகுவாக் குறைஞ்சிடும்.

அப்புறம் டெம்பரேச்சர் கன் ஒண்ணு இரவல் வாங்குங்க. முள் ஏறினதும் பி.டி.ஓ.வை மட்டும் விடுவிச்சு, ஆர்.பி.எம்.மைக் குறைக்காம மேல் ஹோஸ், ரேடியேட்டர்ல இருந்து பம்ப்புக்குத் திரும்புற கீழ் ஹோஸ் ரெண்டுலயும் ரப்பர் மேல அளந்து சொல்லுங்க. பளபளப்பான உலோகத்துல அளந்தா கன் குறைச்சுக் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அளக்கலாம். ஃபேன் சுத்திட்டிருக்கும், கையும் துணியும் ஜாக்கிரதை.

வண்டி சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. 0.9 பார் மூடி போட்ட வண்டியில தண்ணி 118 டிகிரி கிட்டதான் கொதிக்கும். 105 டிகிரியில அமைதியா இருக்கிற தண்ணி, மூடியைத் திருகின நொடியில ஆவியாகி முகத்துல அடிக்கும். நேர்ல பார்த்திருக்கேன், கண்ணு தப்பினது பெரிய விஷயம். அதே மாதிரி, சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட் விரிசல் விடும்.

கேட்டவர்:
இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு நன்றி அண்ணா. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், கொஞ்சம் சருகு இருந்துச்சு, எடுத்துட்டேன். இப்ப வெளிச்சம் எல்லா இடத்துலயும் வருது. ஆனா சூடு குறையல.

குமிழி ஆரம்பத்துல ரெண்டு மூணு வந்துச்சு, அப்புறம் இல்லை. சில்லுனு இருக்கறப்ப ஹோஸ் விறைக்கல.

முள் சிவப்புக்கிட்ட போனதும் அளந்தேன். மேல் ஹோஸ் 99, கீழ் ஹோஸ் 64. இன்னொரு விஷயமும் கண்ணுல பட்டுச்சு: ஆக்சிலேட்டர் ஏத்தினா கீழ் ஹோஸ் நடுவுல உள்வாங்குது. குறைச்சா பழையபடி உப்பிடுது.

இன்னொருவர்:
அப்ப ஹோஸ்தான் குத்தம். பழசாகி இளகிப் போச்சு. உள்ள ஸ்பிரிங் வச்ச ஹோஸ் போடுங்க, சரியாயிடும்.

டீசல் மெக்கானிக்:
ஹோஸை மாத்தலாம், தப்பில்லை. ஆனா ஹோஸ் ஏன் உள்வாங்குதுன்னு கேட்கணும். பம்ப் இழுக்குற அளவுக்கு ரேடியேட்டர்ல இருந்து தண்ணி வரலேன்னாத்தான் அது சப்பும். மூடியில இருக்கிற சின்ன வேக்கம் வால்வு ஒட்டிக்கிட்டாலும் ஹோஸ் உள்வாங்கும், ஆனா அது வண்டியை நிறுத்தி ஆறின பிறகு. உங்களுது ஓடறப்ப, அதுவும் ஆர்.பி.எம். ஏத்தினா மட்டும் வருது.

இப்ப அந்த 99ஐயும் 64ஐயும் சேர்த்துப் பாருங்க. ரேடியேட்டர் வெளியேத்துற சூடு ரெண்டு விஷயத்தோட பெருக்கல்: எவ்வளவு தண்ணி ஓடுது, அந்தத் தண்ணி எத்தனை டிகிரி குறையுது. நல்லா ஓடுற வண்டியில மேலயும் கீழயும் வித்தியாசம் 10 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். உங்களுக்கு 35. வெளிய காத்து பத்தலேன்னா தண்ணி ஆறாமலே கீழ வரும், ரெண்டு ஹோஸும் கிட்டத்தட்ட ஒரே சூடா இருக்கும். உங்களுக்கு நேர் எதிர். கொஞ்சத் தண்ணி, ரேடியேட்டர்ல ரொம்ப நேரம் தங்கி, நல்லா ஆறித்தான் வருது. அந்தக் கொஞ்சத் தண்ணி இன்ஜின் சூட்டைச் சுமக்கப் பத்தல. ரேடியேட்டர் குழாய்கள் உள்பக்கம் அடைஞ்சிருக்குன்னு நினைக்கிறேன்.

உறுதி பண்ண ஒரு வழி: வண்டி நல்லா ஆறின பிறகு கூலன்ட்டை ஒரு பாத்திரத்துல இறக்குங்க. ரெண்டு ஹோஸையும் கழட்டி, ரேடியேட்டரோட கீழ் வாயைத் துணியால அடைச்சு, மேல வரைக்கும் தண்ணி நிரப்பி, துணியைச் சட்டுனு எடுங்க. மொத்தமும் கொட்டணும். நூலாட்டம் வடிஞ்சா அடைப்புதான். இறக்கின கூலன்ட்டைத் தரையில விட்டுடாதீங்க. இனிப்பா இருக்கும், நாயோ ஆடு மாடோ குடிச்சா கிட்னி போய் செத்துடும்.

வண்டியை வித்தவர்கிட்டயும் கேளுங்க: எந்தத் தண்ணி ஊத்தினார், ஒழுகல் அடைக்கிற பவுடர் எப்பவாவது போட்டாரா?

கேட்டவர்:
செஞ்சு பார்த்தேன். கொட்டவே இல்லை, வடியுது, கடைசி வரைக்கும் வடிஞ்சுகிட்டே இருந்துச்சு. வித்தவர்கிட்ட போன்ல பேசினேன். எப்பவும் போர் தண்ணிதான் ஊத்துவாராம். ஒருதடவை ரேடியேட்டர் கசிஞ்சப்ப பவுடரும் போட்டாராம். மேல் டேங்க் வழியா எட்டிப் பார்த்தா குழாய் வாய்கள்ல வெள்ளையும் காவியுமா படிஞ்சிருக்கு. ஆசிட் ஊத்திக் கழுவலாமா, இல்ல ரேடியேட்டரே மாத்தணுமா?

டீசல் மெக்கானிக்:
வெள்ளை உப்புன்னா சிட்ரிக் ஆசிட் கரைசல்ல கரையும். ஒழுகல் பவுடர் கரையாது. அதனால ஆசிட்டை நம்பி இருக்காதீங்க. உங்க ரேடியேட்டர் செம்பு, பித்தளைன்னா ரேடியேட்டர் வேலை செய்யறவர்கிட்ட கொடுங்க. மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் பிரிச்சு ஒவ்வொரு குழாயிலயும் தகடு விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணி, திரும்ப ஈயம் வச்சு ஒட்டி, பிரஷர் டெஸ்ட் பண்ணித் தருவார். அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்குமா இருந்தா அந்த வேலை ஆகாது, மாத்திடறது நல்லது. அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க, அரிச்சிடும்.

ரேடியேட்டர் வெளிய போயிருக்கிற நேரத்துல இன்ஜின் பிளாக்கையும் கழுவிடுங்க. பிளாக் பக்கவாட்டுல ஒரு டிரெயின் பிளக் இருக்கும். கழட்டினா தண்ணி வராது, ஏன்னா அங்கயும் வண்டல் அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் கிளறி, தெர்மோஸ்டாட் ஹவுசிங் வழியா ஹோஸ் பைப் வச்சுத் தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க. பம்ப்புல இருந்து தூரத்துல இருக்கிற கடைசி சிலிண்டரைச் சுத்தித்தான் வண்டல் அதிகம் தங்கும். இதை விட்டுட்டா அந்த வண்டல் சுத்தம் பண்ணின ரேடியேட்டருக்கே வந்து சேரும்.

வாடகை உழவு ஓட்டுபவர்:
திரும்ப மாட்டறப்ப ஃபேனைச் சுத்தியிருக்கிற கூடு, அதான் ஷ்ரவுட், மறக்காம மாட்டுங்க. நிறைய வண்டியில இடைஞ்சல்னு கழட்டி வீசியிருப்பாங்க. அது இல்லேன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம, பக்கத்துல இருக்கிற சூடான காத்தையே சுழட்டும். ஃபேனைக் கழட்டியிருந்தா முன்பக்கம் பின்பக்கம் மாறாமப் பார்த்துக்கோங்க. திருப்பி மாட்டினாலும் சுத்தும், காத்தும் வரும், ஆனா பாதிகூட இருக்காது.

கேட்டவர்:
ரேடியேட்டர் செம்புதான். பிரிச்சு, குத்தி, ஒட்டி வந்தாச்சு. முக்கால்வாசிக் குழாய் அடைஞ்சிருந்துச்சாம். பிளாக்ல இருந்து காவிச் சேறு கட்டி கட்டியா வந்துச்சு. கீழ் ஹோஸ் ஸ்பிரிங் வச்சது போட்டேன், மூடியும் புதுசு. அதே நிலத்துல அதே ரோட்டவேட்டர் போட்டு ஓட்டினேன்: மேல் ஹோஸ் 86, கீழ் ஹோஸ் 77. மதியம் வரைக்கும் முள் அசையல. எல்லாருக்கும் மனசார நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். வாட்டர் பம்ப் அடியில சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கு, அதுல இருந்து சொட்டு சொட்டா கசியுது. முன்னாடி இல்லை. எம்-சீல் வச்சு அடைக்கலாமா?

டீசல் மெக்கானிக்:
வேண்டாம். அந்த ஓட்டை அதுக்குன்னே விட்டது. உள்ள சீல் போனா தண்ணி பேரிங்குக்குப் போகாம வெளிய வர்றதுக்கான வழி. அடைச்சா தண்ணி பேரிங்ல இறங்கும், ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும். உங்க வண்டியில ஃபேன் பம்ப் ஷாஃப்ட்லதான் இருக்கு. ஆடினா நேரா இப்ப சுத்தம் பண்ணின ரேடியேட்டர்லயே போய் உரசும். உப்புப் படிவம் சீல் முகத்தை ஏற்கெனவே தேய்ச்சிருக்கும், இப்ப அடைப்பு போனதும் கசிவு வெளிய தெரியுது. விதைப்புக்கு முன்னாடியே பம்ப்பை மாத்திடுங்க.

மாத்தினதும் கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து மெதுவா ஊத்துங்க. ஊத்தறப்ப தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கத்துல இருக்கிற டெம்பரேச்சர் சென்சாரைக் கொஞ்சம் தளர்த்தி வச்சா, உள்ள மாட்டின காத்து வெளியேறும். குமிழி நின்னு தண்ணி கசிய ஆரம்பிச்சதும் இறுக்கிடுங்க. முதல் நாள் உழவு முடிச்சு, ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில மூடியைத் திறந்து லெவல் பாருங்க. கொஞ்சம் இறங்கியிருக்கும். அதே கலவையை ஊத்துங்க, போர் தண்ணி வேண்டாம்.