‘ரிசீட் ஹேண்டில்’: பற்றுச்சீட்டு பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவும் அமேசான் எஸ்.க்யூ.எஸ். சேவையின் வரிசையிலிருந்து செய்தியை நீக்கும் நிரலுக்கான விளக்கத்தின் தமிழ் வரைவில் ‘ரிசீட் ஹேண்டில்’ என்பதற்குப் ‘பற்றுச்சீட்டு’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். இலங்கை வழக்கில் நன்றாக ஊன்றிய சொல்தான். ஆனால் இங்கே அது வாசிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

பற்றுச்சீட்டு என்றால் பணம் கட்டியதற்குச் சான்று. பத்து ஆண்டு கழித்துக் காட்டினாலும் செல்லும். எஸ்.க்யூ.எஸ். தருவது அப்படியல்ல. ஒரு ‘ரிசீவ் மெசேஜ்’ அழைப்பில் 10 செய்திகள் வரை வரும். ஒவ்வொன்றோடும் மெசேஜ் ஐடி ஒன்றும் ரிசீட் ஹேண்டில் ஒன்றும் வரும். மெசேஜ் ஐடி அந்தச் செய்திக்கே உரியது, மாறாது. ரிசீட் ஹேண்டில் அந்த ஒரு முறை பெற்றதற்கு மட்டும் உரியது. அதே செய்தி மறுபடி கைக்கு வந்தால் புதிதாக இன்னொன்று வரும். ‘டெலீட் மெசேஜ்’ கேட்பது வரிசையின் முகவரியையும் இந்த ஹேண்டிலையும்தான். மெசேஜ் ஐடியைக் கொடுத்து நீக்க முடியாது. புதிதாக எழுதுபவர்கள் முதலில் இடறும் இடம் இது.

செய்தியைப் பெற்றதும் அது வரிசையை விட்டுப் போய்விடாது, மற்ற நிரல்களுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். இயல்பான மறைவுக்காலம் 30 வினாடி. 0 முதல் 12 மணி நேரம் வரை வைக்கலாம். வேலை முடிய 45 வினாடி ஆகிறது என்று வையுங்கள். 30ஆவது வினாடிக்குப் பிறகு அதே செய்தி வேறொரு நிரலின் கைக்குப் போகலாம். முதல் நிரல் வேலையை முடித்துவிட்டுத் தன் பழைய ஹேண்டிலைக் கொடுக்கும். சாதாரண வரிசையில் ‘வெற்றி’ என்றே பதில் வரும், செய்தியோ நீங்காமல் இருந்துவிடலாம். செய்திகளை அனுப்பிய ஒழுங்கிலேயே தரும் ஃபிஃபோ வரிசையில் காலம் கடந்த ஹேண்டிலால் நீக்கவே முடியாது. ‘காலாவதியாகும் சீட்டு’ என்ற எண்ணம் சொல்லிலேயே இருந்தால் இந்தப் பிழை பாதி குறையும். ஆகவே ‘பெறுகைச் சீட்டு’ என்கிறேன்.

*

மறுமொழி:

பற்றுச்சீட்டு வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ‘பெறுகை’யில்தான் தயக்கம். மைக்ரோசாஃப்டின் வரிசைச் சேவையான அஷூர் க்யூ ஸ்டோரேஜில் இதற்கு ‘பாப் ரிசீட்’ என்று பெயர். அங்கே செய்தியைப் பெறும்போது மட்டுமல்ல, ‘அப்டேட் மெசேஜ்’ செய்தாலும் சீட்டு மாறிவிடும். பழையதைக் கொடுத்து நீக்கப் போனால் பிழைதான் திரும்பி வரும். பெற்றது ஒரே முறை, சீட்டு இரண்டு! ‘பெறுகைச் சீட்டு’ என்று எழுதினால் இதை விளக்க முடியாது. அவர்களின் இன்னொரு செய்திச் சேவையான சர்வீஸ் பஸ்ஸில் இதே வேலையைச் செய்வது ‘லாக் டோக்கன்’. பெயரிலேயே பூட்டு இருக்கிறது.

நான்குக்கும் பொதுவாக இருப்பது, செய்தி இப்போது யார் பிடியில் இருக்கிறது என்பது. ‘பிடிச்சீட்டு’ என்று வைக்கலாமா? ஹேண்டில் என்பதும் பிடிதானே. அடகுக்கடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: அதே சங்கிலியை மீட்டு மறுபடி வைத்தால் புதுச் சீட்டு, புது எண். பழைய சீட்டு கையில் இருந்தும் பயனில்லை.

‘நான்குக்கும்’ என்று எழுதிவிட்டு மூன்றைத்தான் சொன்னேன். நான்காவது கூகுளின் செய்திச் சேவையான பப்-சப்பின் ‘அக் ஐடி’. அங்கே நாம் நீக்குவதில்லை, முடிந்தது என்று தெரிவிக்கிறோம். எனவே அந்த வினைக்கு ‘ஒப்புகை’ இருக்கட்டும், எஸ்.க்யூ.எஸ்.ஸுக்கு ‘நீக்கு’. ‘பர்ஜ் க்யூ’வுக்கும் ‘நீக்கு’ என்றே போட்டுவிடக் கூடாது. அது முழு வரிசையையும் காலி செய்வது, நடந்து முடிய 60 வினாடி வரை ஆகும். ‘வழித்தெடு’ பொருந்தும்.

*

மறுமொழி:

பிடிச்சீட்டுக்கு என் வாக்கு. ‘பிடி’ இங்கே பெயர்ச்சொல், ஆகவே ஒற்று மிகும். ‘பிடிசீட்டு’ என்று எழுதினால் வினைத்தொகையாகி, பிடிக்கிற சீட்டு என்று பொருள் மாறிவிடும். ‘பிடியாணை’ நினைவுக்கு வருகிறதே என்று யாராவது கேட்கலாம். அதிலும் பிடித்துவைக்கும் அதிகாரம்தான் பொருள், கெடுதல் இல்லை.

‘டெலீட் மெசேஜ் பேட்ச்’ விளக்கத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். ஒரே அழைப்பில் 10 பிடிச்சீட்டுகள் வரை கொடுக்கலாம். அவற்றில் 3 தவறினாலும் மறுமொழிக் குறியீடு 200 (‘வெற்றி’) என்றே வரும். ‘ஃபெயில்ட்’ பட்டியலைத் திறந்து பார்க்காத நிரல் அந்த 3 செய்திகளையும் இன்னொரு முறை கையாளும். அந்தப் பட்டியலுக்குத் ‘தோல்வி’ வேண்டாம், ‘நீங்காதவை’ என்று போடுவோம். என்ன செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும்.

கடைசியாக, ‘சேஞ்ச் மெசேஜ் விசிபிலிட்டி’க்கு வரைவில் ‘மறைவுக்காலத்தை நீட்டு’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். 20 வினாடி மீதமிருக்கும்போது 60 என்று கொடுத்தால் 80 ஆகாது. அழைத்த நொடியிலிருந்து 60தான். 0 கொடுத்தால் செய்தி உடனே வெளியே தெரியும், அடுத்த நிரல் எடுத்துக்கொள்ளலாம். நீட்டவும் குறைக்கவும் செய்வதை ‘நீட்டு’ என்று எப்படிச் சொல்வது? ‘மறைவுக்காலத்தை மாற்றிவை’ என்று திருத்தி வரைவை மறுபடி அனுப்புங்கள்.