எல்க் வேட்டைக்கு 60 பவுண்டு வில் போதுமா?

கொலராடோவில் இருக்கிறேன். செப்டம்பரில் வில் வேட்டை சீசன், எல்க் (பெரிய மான் வகை) அடிக்க டேக், அதாவது அனுமதிச் சீட்டு, கையில் இருக்கிறது. எந்த செட்டப்போடு போவது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது இருப்பது 60 பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்ட் வில் (கப்பி வைத்தது), டிரா லெங்த், அதாவது நாணை இழுக்கும் நீளம், 27 அங்குலம். 420 கிரெய்ன் (சுமார் 27 கிராம்) எடையுள்ள அம்பு குரோனோகிராஃபில் (வேகம் அளக்கும் கருவி) விநாடிக்கு 240 அடி காட்டுகிறது. கணக்குப் போட்டால் அம்பின் ஆற்றல் 54 அடி-பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. மாநில விதி கேட்பது குறைந்தது 35 பவுண்டு இழுவிசைதான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைச் சுலபமாகத் தொடும். சாதாரண மானுக்குப் போதுவது அதற்கும் போதுமா?

கடையில் 70 பவுண்டு வில்லை இழுத்துப் பார்த்தேன். முதல் சில அம்புகள் சரி. அப்புறம் வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கினால்தான் நாண் வருகிறது. எல்க் முன்னால் அந்த ஆட்டம் ஆடினால் அது நின்று வேடிக்கை பார்க்காது.

480 கிரெய்ன் அம்பும் போட்டேன். வேகம் 226 அடிக்கு இறங்கியது. ஆற்றல் ஏறக்குறைய அதேதான், உந்தம் கூடுகிறது. 40 கஜத்தில் நன்றாகவே தாழ்ந்து விழுகிறது, ஆனால் 30-க்கு மேல் எய்யும் எண்ணமில்லை. மெக்கானிக்கல் பிராட்ஹெட் (பட்டதும் பிளேடு விரியும் அம்பு முனை) விரியவே ஆற்றலைத் தின்னும் என்பதால் ஃபிக்ஸட் பிளேடு (விரியாத, நிலையான பிளேடு) முனைதான்.

எல்க் அடித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: 60 பவுண்டிலேயே 480 கிரெய்ன் அம்போடு போகலாமா, 70-க்கு மாறியே ஆக வேண்டுமா?