அஞ்சடியில் படுப்பவர்களுக்காக நடக்கும் சங்கம்: கணக்கை யாரிடம் கேட்பது?

தோட்டத்துப்பிள்ளை:
ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கும் கடைகளின் முன் நடைபாதையான அஞ்சடியில் இரவில் ஏழெட்டுப் பேர் படுக்கிறார்கள். அதில் ஒரு பெரியவர் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியதும் தொழிலாளர் வீடான லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், கொஞ்ச நாள் மகள் வீடு, அப்புறம் இங்கே. ஐசியை (அடையாள அட்டையை) பழைய மைலோ டின்னில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

இவர்களுக்காக ஊரில் ஒரு சங்கம் மூன்று வருஷமாக நன்கொடை திரட்டுகிறது, நானும் மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறேன். ஆனால் சனிக்கிழமை இரவு சங்கத்தாரும் இன்னும் இரண்டு கூட்டமும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறார்கள், திங்கட்கிழமை ஒருவரும் இல்லை. “சனிக்கிழம மிஞ்சினத நாய்க்குப் போடுறேன் தம்பி, திங்கக்கிழம தண்ணிய குடிச்சிட்டுப் படுக்கிறேன்” என்றார் பெரியவர். சங்கத் தலைவரிடம் கணக்குக் கேட்டதற்கு, நம்பிக்கை இல்லையென்றால் கொடுக்காதீர்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். இந்தச் சங்கத்தாருக்கு மேலே யார்தான் இருக்கிறார்கள்?

கிராணி மகன்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள், நீங்கள் சங்கத்தில் உறுப்பினரா, இல்லை வெறும் நன்கொடையாளரா? அதில்தான் எல்லாம் இருக்கிறது. 1966 சங்கச் சட்டத்தில் பதிந்த சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கையும் பொறுப்பாளர் பட்டியலையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். உறுப்பினராக இருந்தால் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கலாம், தலைவர் கோபப்பட்டாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சந்தா கட்டிச் சேருங்கள். நான் ஒரு கோயில் கமிட்டியில் பத்து வருஷம் பொருளாளராக இருந்தவன், ரசீதுப் புத்தகத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். இன்னொன்று, அவர்கள் நான்கு பேரையோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரிக்கிறார்கள் என்றால் 1993 பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநலத் துறையிலும் பதிய வேண்டும்.

ஓய்வுபெற்றவள்:
சமூகநலப் பணியில் இருந்தவள் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. கோபத்தில் “இங்கே ஆட்கள் படுக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள்” என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் இன்னும் நடப்பில் இருப்பது 1977 ஆதரவற்றோர் சட்டம். அதன்படி பிடித்துக்கொண்டு போனால் மாஜிஸ்திரேட் உத்தரவில் ஒரு மாதம் வரை இல்லத்தில் வைக்கலாம், அறிக்கை வந்த பிறகு மூன்று வருஷம் வரைகூட வைக்கலாம். ஜெராண்டுட், மெர்சிங் ஊர்களில் உள்ள அரசு இல்லங்களுக்குப் போனால் பெரியவர் தன் ஊரையும் மகளையும் விட்டு எங்கேயோ போய்விடுவார். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்டு எழுதுங்கள்.

நகராண்மைக் கழகத்தையும் விடாதீர்கள். 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்திய பிறகு உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது, ஓட்டைக் காட்டிக் கேட்க வழியில்லை. ஆனாலும் 1976 ஊராட்சிச் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி, மூடிய கூட்டம் என்று தீர்மானம் போட்டால் ஒழிய, கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்காருங்கள். எந்த நாள் யார் சாப்பாடு கொடுப்பது என்று எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேச அவர்களால் முடியும்.

அலோர்கஜா மருமகள்:
என் தங்கை அமெரிக்காவில் இந்தத் துறையில் வேலை செய்கிறாள். அங்கே மத்திய வீடமைப்புத் துறையின் பணத்தை வாங்க, ஒவ்வொரு வட்டாரத்திலும் எல்லா அமைப்புகளும் சேர்ந்து ஒரு குழு வைக்க வேண்டுமாம். அந்த நிர்வாகக் குழுவில் வீடில்லாதவர், அல்லது முன்பு அப்படி இருந்தவர், ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும். முழுக் கூட்டம் வருஷத்தில் இரண்டு முறையாவது, பேசப்போவதை முன்கூட்டியே வெளியிட்டு நடத்த வேண்டும். நம் சங்கங்கள் இதற்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, தங்கள் விதிகளிலேயே எழுதிக்கொள்ளலாம். சோற்றைச் சாப்பிடுகிறவருக்குத்தானே திங்கட்கிழமைப் பசி தெரியும்?

தோட்டத்துப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று உறுப்பினர் பாரம் வாங்கிவிட்டேன். பெரியவரிடம், கமிட்டியில் இடம் கொடுத்தால் வருவீர்களா என்று கேட்டேன். டின்னைத் துணியில் சுற்றிக்கொண்டே, “கூட்டம் ராத்திரியா? ராத்திரின்னா வேணாம், நான் வர்றதுக்குள்ள என் எடத்துல வேற ஆளு படுத்துடும்” என்றார். இந்தச் சங்கம் எப்போதும் இரவு எட்டு மணிக்குத்தான் கூடுகிறது. முதல் தீர்மானமாக நேரத்தை மாற்றச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். மலாயில் அதை எழுதத் தெரிந்தவர்கள் யாராவது உதவ முடியுமா?