அப்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள்

சாஃப்ட்பால் ஆட்டம். அன்றைக்கு நான் பேஸ் அம்பயர், அதாவது ரன்னர்கள் ஓடித் தொட வேண்டிய பேஸ்களைக் கவனிக்கிறவன். அடித்த பந்து ரைட் சென்டர் இடைவெளியில் உருண்டது. அடித்தவள் முதல் பேஸை மிதித்துத் திரும்பினாள். முதல் பேஸ்காரியோ கையில் பந்தில்லாமல், ஓடும் வழியிலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தோளோடு தோள் இடித்து ரன்னர் ரெண்டு எட்டு தடுமாறினாள். முஷ்டியை மடக்கி இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். அதுதான் அப்ஸ்ட்ரக்‌ஷனுக்கான சைகை: பந்தில்லாத ஃபீல்டர் ரன்னரை மறித்துவிட்டாள் என்று அர்த்தம். ஆட்டம் மட்டும் நிற்காது, வம்பே அங்கேதான்.

கை நீட்டும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவேன்: இடிபடாமல் இருந்தால் இவள் எதுவரை போயிருப்பாள்? இரண்டாவது பேஸ், அவ்வளவுதான். அங்கே நிதானமாக வந்து சேர்ந்தாள். கோச் கையைச் சுழற்ற, மூன்றாவதுக்கும் கிளம்பினாள். பத்தடி முன்னாலேயே டேக், பந்தோடு தொட்டுவிட்டார்கள். அவுட் என்றேன்.

"கை நீட்டினீங்களே சார், அப்புறம் எப்படி அவுட்?"

நியாயமான சந்தேகம்தான். மறிக்கப்பட்ட இடம் முதல் பேஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். அந்த இடைவெளியில் டேக் பண்ணியிருந்தால் அவுட் இல்லை, இரண்டாவது பேஸைக் கொடுத்திருப்பேன். அதைத் தாண்டி ஓடினால் அவள் பாடு. பத்தடி என்பதால் தப்பித்தேன். அரை எட்டில் அவுட் ஆகியிருந்தால், அந்த ரெண்டு எட்டுத் தடுமாற்றம்தான் மூன்றாவது பேஸைப் பறித்தது என்று கோச் சொல்லியிருப்பார். நானும் மறுத்திருக்க முடியாது.

பதில்:

நான் கேட்சர், அம்பயருக்கு எதிர்க்கட்சி. எறிந்த பந்து வந்துகொண்டே இருந்தது, நான் ஹோம் பிளேட்டை (ரன்னர் அதைத் தொட்டால் ரன்) முழுசாக மறைத்து நின்றேன். ரன்னர் என் ஷின் கார்டில் மோதி நின்றாள், அதற்கப்புறம்தான் பந்து கிளவுஸுக்கு வந்தது. டேக் பண்ணினேன். அம்பயர் ரன் கொடுத்துவிட்டார். "பிடிக்கப் போறேன்னு தெரியுதே!" என்று கத்தினேன். முன்பு அந்தச் சமாதானம் செல்லும். நாங்கள் ஆடும் விதியில் இப்போது பந்து கையில் இருக்க வேண்டும். அடித்த பந்தைப் பிடிக்கப் போகிற ஃபீல்டருக்கு மட்டும்தான் சலுகை, எறிந்த பந்துக்குக் கிடையாது. இப்போதெல்லாம் பிளேட்டுக்கு முன்னால் தள்ளி நின்று, ஓரத்தில் வழி விடுகிறேன். கடுப்பு மட்டும் போகவில்லை.

பதில்:

நானும் அம்பயர்தான். இடிக்காமலே கை நீட்டியிருக்கிறேன். ஷார்ட் ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) வெறும் கிளவுஸை வீசி டேக் பண்ணுவதுபோல் நடித்தாள், ரன்னர் பயந்து சறுக்கினாள். "தொடவே இல்லையே சார்!" என்றாள் ஷார்ட் ஸ்டாப். ரன்னரோ முழங்கால் சிராய்ப்பில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.