சிட்காமுக்கு ‘நிலைத்தொடர்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வாரமாக ஓடும் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சிட்காம், அதாவது ‘சிச்சுவேஷன் காமெடி’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் வகைக்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்திருப்பவை சூழ்நிலை நகைச்சுவை, களநகை, ஊர்நகை. அப்புறம், சிட்காமையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் இருக்கிறது. நான் இன்னொரு சொல்லைக் கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு முன் சூழ்நிலை ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

தமிழில் சூழ்நிலை என்று எப்போது சொல்கிறோம்? ‘வீட்டில் சூழ்நிலை சரியில்லை’ என்கிறோம். ‘அன்றைக்கு இருந்த சூழ்நிலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்’ என்கிறோம். நம்மைச் சுற்றி வந்து நெருக்குகிற ஒன்று அது. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மாறிவிடும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்த ஆண்டு எங்களுக்கு ஒரு சூழ்நிலை, திறக்காத ஆண்டு வேறு சூழ்நிலை. சிட்காம் என்ற சொல்லின் முன்பாதி குறிப்பது இதுவல்ல. இன்ன இடம், இன்ன ஆட்கள், அவர்களுக்குள் இன்ன உறவு என்று போட்டுவைத்த ஏற்பாட்டை அது குறிக்கிறது. வாரத்துக்கு ஒரு சிக்கல் வந்து போகும், ஏற்பாடு அப்படியே இருக்கும். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்டதால், மாறாத ஒன்றுக்கு மாறுகிற ஒன்றின் பெயரை வைத்துவிட்டோம்.

எனக்கே இது விளங்கியது அமெரிக்காவின் வட கரோலினாவில்தான். ராலியில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் நானும் மனைவியும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அப்படிப் பார்க்க ஆரம்பித்ததுதான் ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’. சிபிஎஸ் நிறுவனம் 1960 அக்டோபர் முதல் 1968 ஏப்ரல் வரை ஒளிபரப்பிய தொடர், மொத்தம் 249 பகுதிகள். முதல் ஐந்து பருவம் கறுப்பு வெள்ளை. (பருவம் என்றுதான் எழுதுகிறோம். முப்போகம் கண்ட வட்டாரத்தில் பிறந்தவனுக்குப் போகம் என்று எழுதத்தான் கை போகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.) கதை நடப்பது வட கரோலினாவில் மேபெரி என்ற கற்பனைச் சிற்றூரில். ஆண்டியாக நடித்த கிரிஃபித் பிறந்து வளர்ந்த மவுண்ட் ஏரி என்ற ஊரின் சாயல் அதில் இருக்கிறது என்பார்கள்.

ஆண்டி அந்த ஊர்க் காவல் அதிகாரி, சிறு வழக்குகளுக்கு நீதிபதியும் அவரே. இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. மனைவியை இழந்தவர். ஒரு சின்னப் பையன், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் அத்தை. துணைக்காவலர் பார்னி ஒல்லியான ஆள், எதற்கும் பதறுவார். அவர் கையில் துப்பாக்கி சும்மா இருக்காது என்பதால் ஒரே ஒரு தோட்டாதான் கொடுத்திருக்கிறார்கள். அதையும் சட்டைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். ஊர்க் குடிகாரர் ஓட்டிஸ் குடித்துவிட்டுத் தானே வந்து, கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கும் சாவியை எடுத்து, லாக்கப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். என் மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. பார்னியைப் பார்த்த முதல் நாளே, “நம்ம ஊர்ல அந்தக் காலத்துத் தலையாரி இப்படித்தாங்க இருப்பாரு” என்றாள்.

ஊறுகாய்ப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், என் சொல் அங்கிருந்துதான் வந்தது. அத்தை ஆசையாக வெள்ளரி ஊறுகாய் போடுகிறார். வாயில் வைக்க முடியாது, மண்ணெண்ணெய் வாடை. அவர் மனம் நோகக் கூடாது என்று ஆண்டியும் பார்னியும் கடையில் ஊறுகாய் வாங்கிப் பாட்டில்களில் மாற்றி வைக்கிறார்கள். அத்தை போட்டதை வழியில் போகிற வண்டிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பார்த்தால், அத்தை அந்தப் பாட்டிலைச் சந்தைப் போட்டிக்கு எடுத்துப் போகப்போகிறார். கடைச் சரக்கை வைத்துப் பரிசு வாங்கினால் மற்றப் பெண்களுக்கு அநியாயம். ஆகவே இருவரும் உட்கார்ந்து அத்தனையையும் தின்று தீர்க்கிறார்கள். அத்தை மறுபடி தன் கைப்பக்குவத்தில் போட்டுப் போட்டிக்குக் கொண்டுபோய்த் தோற்கிறார். இவர்களுக்குத்தான் இவ்வளவு பிடிக்கிறதே என்று இன்னும் நிறையப் போட்டு வைக்கிறார். மண்ணெண்ணெய் ஊறுகாயில் தொடங்கிய கதை அரைமணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு மண்ணெண்ணெய் ஊறுகாய்க்கே வந்து நிற்கிறது.

அந்தப் பகுதி முடிந்ததும் என் வாயில் தானாக வந்தது: “தேர் நிலைக்கு வந்துடுச்சு.”

திருவாரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனியில் ஆழித்தேர் புறப்படும். அலங்காரம் முடிந்தால் 96 அடி உயரம். ‘ஆரூரா தியாகேசா’ என்று வடம் பிடித்து நான்கு வீதியும் இழுப்பார்கள். மூலை திரும்புகிற இடத்தில்தான் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தடியில் கட்டையைச் செருகிச் செருகி அந்த மலையைத் திருப்புவார்கள். இப்போது திருச்சி பெல் (BHEL) நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. அது இல்லாத காலத்தில் தேர் நிலைக்கு வர நாள்கணக்கு, வாரக்கணக்கு ஆனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும் அந்த இடத்தின் பெயர்தான் நிலை. தேர்நிலை. ‘நிலைக்கு வந்துட்டுதா?’ என்று கேட்காத வீடு அன்றைக்கு இருக்காது.

சிட்காமில் நடப்பதும் அதுதான். எங்கே போய் நிற்கும் என்பது புறப்படும்போதே எல்லாருக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் மூலை திரும்புவதைப் பயமில்லாமல் ரசிக்க முடிகிறது. எங்கள் பக்கம் வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவனைத் ‘தேரை இழுத்துத் தெருவில் விட்டுட்டான்’ என்போம். நெடுந்தொடர்கள் தினமும் செய்வது இதைத்தான். கதவு திறக்கும், ஒரு முகம் அதிரும், ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள். நாளைக்கும் வந்து வடத்தைப் பிடி என்பது அதன் பொருள். சிட்காம் அன்றன்றைக்கு நிலைக்கு வந்துவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: நிலைத்தொடர். நெடுந்தொடர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதன் பக்கத்தில் வைத்தாலே வேறுபாடு விளங்கும். பகுதியின் முடிவில் எல்லாம் பழையபடி ஆவதைக் குறிக்கத் தனிச்சொல்லே வேண்டாம், ‘நிலைக்கு வருதல்’ போதும். சிக்கலைக் கொண்டுவந்து கதையைத் திருப்புகிற நிகழ்ச்சியை ‘முட்டுக்கட்டை’ என்று சொல்லவும் எனக்கு ஆசை. தேரை நிறுத்துவதும் அதுதான், திருப்புவதும் அதுதான். ஆனால் பேச்சில் அது தடை என்ற பொருளோடு நின்றுவிட்டதால் வற்புறுத்தவில்லை.

> களநகை சுருக்கமாக இருக்கிறது. தொல்காப்பிய உரைகளில் நிலைக்களன் என்ற சொல்லும் இருக்கிறதே.

நிலைக்களனைச் சுட்டியதற்கு நன்றி ஐயா. களம் எனக்கும் பிடித்த சொல்தான். எங்களுக்குக் களம் என்றால் சாணி தெளித்து மெழுகிய நெற்களம். ஆனால் களஆய்வும் களப்பணியும் புழங்கும் இன்றைக்குக் களநகை என்றால், தெருவில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டிச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நகை என்பதும் இப்போது நகைக்கடையோடு ஒட்டிவிட்டது.

ஆனால் தாங்கள் காட்டிய இடத்தில் வேறொன்று கிடைத்தது. நகைக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்தத் தொடரை அதில் பொருத்திப் பார்த்தேன். இளமை, அந்தப் பையன். பேதைமை, ஓட்டிஸ். பார்னி முழுக்க முழுக்க மடன். மடத்துக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’, அதாவது சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு அதை விடாதிருப்பது. காவல்துறை விதிகளை மனப்பாடம் செய்து, ஆளே இல்லாத ஊரிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பார்னிக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. எள்ளல் மட்டும் மிகக் குறைவு. பார்னி தோற்கும்போதெல்லாம் ஆண்டி பின்னாலிருந்து ஏதோ செய்து, அந்த வெற்றி பார்னியுடையது என்று அவரையே நம்பவைத்துவிடுவார். தொடக்கத்தில் சிரிக்கவைக்கும் வேலை கிரிஃபித்துக்குத்தான் இருந்தது. டான் நாட்ஸ் பார்னியாக நடிப்பதைப் பார்த்து, அந்த வேலையை அவருக்கு விட்டுக்கொடுத்துத் தான் நிதானமான ஆளாக மாறிக்கொண்டார். நாட்ஸுக்கு அந்தப் பாத்திரத்துக்காக 5 எம்மி விருது கிடைத்தது. அந்தத் தொடர் இவ்வளவு காலம் மனத்தில் நிற்பதற்கு இந்த விட்டுக்கொடுத்தலை முதல் காரணமாகச் சொல்வேன். கதைக்கு உள்ளே ஆண்டி பார்னிக்குச் செய்வதை, கதைக்கு வெளியே கிரிஃபித் நாட்ஸுக்குச் செய்திருக்கிறார்.

> கிராமத்துத் தொடர்களுக்காவது ஊர்நகை என்று வைக்கலாம். ஊர் என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிடும்.

எல்லாம் அடங்காது தம்பி. இதில் மட்டும் நான் கொஞ்சம் அழுத்தமாகவே மறுக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஊர் தனி, சேரி தனி. ‘ஊர்க்காரங்க’ என்று சொன்னால் யார் அதில் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். மேபெரியிலும் அப்படித்தான். 1960 பிப்ரவரியில் அதே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், தங்களுக்குப் பரிமாற மறுத்த உணவு மேடையில் போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இந்தத் தொடர் தொடங்கியது. எட்டு ஆண்டுகளில் குறிப்பிடும்படி வசனம் பேசும் ஒரு கறுப்பினத்தவர் வந்தது ஒரே ஒரு பகுதியில், 1967-இல். தொடர் முடிந்த 1968-இன் டிசம்பர் 25 இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு, ஊர் என்ற சொல்லை இனிப்பான கலைச்சொல்லாக்க எனக்கு மனம் வரவில்லை. மேபெரியைப் பார்த்துச் சிரித்தேன், இன்னும் சிரிப்பேன். ஆனால் அங்கே யாருக்கு வீடு இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் சிரிக்கிறேன். கிராமிய நிலைத்தொடர் என்று எழுதுவோம், அது போதும்.

நிலைத்தொடருக்கு வரக்கூடிய மறுப்புகளையும் யோசித்தேன். தமிழாசிரியர்களுக்குத் தொகைநிலைத் தொடர் நினைவுக்கு வரும். இலக்கண வகுப்பும் தொலைக்காட்சியும் ஒரே வாக்கியத்தில் வருவது அபூர்வம் என்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். வாட்சப் நிலைத்தகவலோடு மயங்குமா என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. நகைச்சுவை என்ற சொல்லே இல்லையே என்று கேட்டால், முதல் முறை எழுதும்போது ‘நகைச்சுவை நிலைத்தொடர்’ என்று எழுதிவிட்டு அடுத்ததிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம்.

பதிவு செய்து சேர்க்கிற சிரிப்புக்குச் சிரிப்பொலித் தடம் என்று போன மடலில் இருந்தது. தவறில்லை. ஆனால் அது ஒலிப்பதிவுக் கூடத்துச் சொல். இந்தத் தொடரைப் பார்வையாளர் இல்லாமல் படமாக்கிப் பிறகுதான் சிரிப்பைச் சேர்த்தார்கள். சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் அதற்கென்றே ஒரு பெட்டி செய்திருந்தார், விசையைத் தட்டினால் வேண்டிய சிரிப்பு வரும். ஒட்டுமாங்கன்று நமக்குத் தெரியும். அதுபோல ‘ஒட்டுச்சிரிப்பு’ என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்களுக்கும் புரியும்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நிலை என்பது இடமா, ஆட்களா? 1965-இல், ஐந்தாம் பருவத்தோடு நாட்ஸ் விலகிக்கொண்டார். அப்புறம் மூன்று பருவம் வண்ணத்தில் ஓடியது. கடைசிப் பருவத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான். இருந்தாலும் எங்கள் வீட்டில் சிரிப்பு குறைந்துவிட்டது. தேர் அதே இடத்துக்குத்தான் வந்தது, ஆனால் நிலைக்கு வந்தாற்போல இல்லை. அப்படியானால் நிலை என்பதை நாம் எப்படி வரையறுப்பது? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

வண்ணத்தில் இரண்டு மூன்று பகுதி பார்த்த பிறகு மனைவி கேட்டாள்.

“அந்த ஒல்லிப் போலீஸ்காரரு எங்கங்க?”

“கதைப்படி வேலை கிடைச்சு ராலிக்குப் போயிட்டார்.”

“ராலின்னா, நாம இருக்கோமே, இந்த ராலியா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அப்ப சாயங்காலம் கடைக்குப் போறப்ப பாத்தா, ஊருக்கு வரச் சொல்லுங்க” என்றாள்.